இருபத்தொன்பது நிமிடம், ஐம்பத்தொன்பது நொடி

என் வீட்டுக்காரர் ஊரில் இருந்தவரை உப்பளத்துக்குப் போய்த் தூங்காமல் திரும்பியதில்லை. சாயங்காலம் வேலை முடிந்ததும் வரப்பில் துண்டை விரிப்பார். பாத்தித் தண்ணீரைப் பார்த்தபடியே கண் சொருகிவிடும். "உப்பு விளையுதோ இல்லையோ, உங்க தூக்கம் நல்லா விளையுது" என்று எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன்.

இப்போது துபாயில், கிடங்கு ஒன்றில் சரக்கு தூக்கும் வண்டி ஓட்டுகிறார். ராத்திரி வேலை. பகலில் ஜன்னல் இல்லாத அறையில் ஆறு பேரோடு படுக்க வேண்டும். தூக்கம் போயே போய்விட்டது. ஒருநாள் கண்ணசந்து வண்டியைச் சுவரில் இடித்துவிட்டார். இன்னொரு முறை இடித்தால் வேலை போய்விடும். சுவருக்குப் பதில் ஆள் நின்றிருந்தால் என்று நினைத்து நான் நடுங்கிப்போனேன்.

"நம்ம பாத்தியை வீடியோ எடுத்து அனுப்பு. பேச வேணாம், பாட்டு வேணாம். சும்மா ஓடட்டும், நீளமா" என்றார்.

போன லீவில் அவர் கொண்டுவந்த கேமராவை வரப்பில் ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினேன். பட்டனை அழுத்திவிட்டு, வரப்போடு நடந்து, கோடியில் இருக்கும் கொட்டகையில் போய் உட்கார்ந்தேன். காற்று தண்ணீரைத் தடவிக்கொண்டே இருந்தது. வெயில் மஞ்சளாகி, பிறகு ரோஜா நிறமாகிப் பாத்தி பாத்தியாக இறங்கியது. எவ்வளவு நேரம் போனதென்று தெரியவில்லை, எனக்கே சொக்கியது. திரும்பி வந்து பார்த்தால் கேமரா எப்போதோ நின்றிருந்தது. இருபத்தொன்பது நிமிடம், ஐம்பத்தொன்பது நொடி.

பாத்தியில் தண்ணீரை மெல்லிசாக நிறுத்தினால், தொட்டித் தண்ணீர் இன்னும் நாலு பாத்திக்கு வரும். அந்தக் கணக்கிலேயே மறுநாள் குவாலிட்டியைக் குறைத்துப் பார்த்தேன். அன்றும் அதே இடத்தில், நொடி பிசகாமல் நின்றது. பஸ் ஸ்டாண்டு ஸ்டுடியோக்காரரிடம் கேட்டதற்குச் சிரித்தார். "குறைச்சா கார்டுல இடம்தான் மிச்சங்க. நேரம் கூடாது. இந்த கேமராவுக்கு அரைமணிதான்."

சரி, இடமாவது மிச்சமாகட்டும் என்று குறைத்தது குறைத்தபடியே இருக்க, அரைமணிக்கு ஒருமுறை நடந்தேன். அழுத்துவேன், கொட்டகைக்குப் போவேன், திரும்பி வருவேன். போகும்போது நடுவழியில் ஒருமுறை திரும்பி, கேமரா ஓடுகிறதற்கான சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்வேன். அப்படி ஆறு துண்டு. துபாய் கிளம்பிய கடைக்கார பாயிடம் கார்டைக் கொடுத்தனுப்பினேன்.

"தூக்கம் வந்துச்சா?" என்று அவரிடம் போனில் கேட்டேன்.

"வந்துச்சு, நல்லாவே வந்துச்சு. ஆனா குவாலிட்டியை ஏத்து. வரப்புக் கோடியில எல்லாம் கட்டம் கட்டமா தெரியுது."

"வரப்புக் கோடியில என்ன இருக்குது பாக்கறதுக்கு?"

"சும்மா சொன்னேன்."

அடுத்த மாதம் புதிய போன் வாங்கினேன். அதில் அந்தத் தொல்லையே இல்லை. இரண்டு மணி நேரம் ஒரே மூச்சில் ஓடியது. படம் அவ்வளவு துல்லியம், தண்ணீருக்கு அடியில் உப்பு கட்டுவதே தெரிந்தது. ஆரம்பத்தில் என் முதுகும், கடைசியில் நான் திரும்பி வருவதும் எதற்கு என்று இரண்டையும் வெட்டிவிட்டேன். பெருமையாக அனுப்பி வைத்தேன்.

நாலு நாள் கழித்துப் பேசினார். குரல் கம்மியிருந்தது.

"தூங்கலியா?"

"இல்ல."

"இதுல என்ன குறைன்னு சொல்லுங்க!" எனக்குக் கோபமே வந்துவிட்டது.

அவருக்குப் பின்னால் யாரோ குறட்டை விடுவது கேட்டது.

"படம் நல்லாதான் இருக்குது. ஆனா நீ வரவே இல்லியே. பழசுல அரைமணிக்கு ஒருவாட்டி வருவே. நடந்து போவே, பாதியில நின்னு திரும்பி என்னைப் பாப்பே. அடுத்தவாட்டி வருவேன்னு தெரிஞ்சாதான் கண்ணை மூட முடியுது."

சிவப்பு விளக்கைத்தான் பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. போனை வைத்த பிறகு அழுதேன்.

அன்று சாயங்காலம் பழைய கேமராவை எடுத்து, குவாலிட்டியைக் கடைசிவரை ஏற்றினேன். கிளம்பும் முன் கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டேன். உப்பளத்துக்கு நான் தலை வாரிக்கொண்டு போனது அன்றைக்குத்தான்.