நசுங்காத எலுமிச்சம்பழம்

அன்று வில்லியனூர் கார் ஷெட்டில் இருந்தது மூன்றே பேர்: நான், என் மச்சான், நரைத்த தாடி வைத்த மெக்கானிக். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். செகண்ட் ஹேண்டில் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிவிட்டு, பிரேக்கை மிதித்தால் நிற்குமா என்ற பயத்திலேயே இருந்தேன்.

"சத்தமா ஒரு சைலன்சர் போடுண்ணா, ஊரே திரும்பிப் பாக்கணும்" என்றான் மச்சான்.

"இன்னாத்துக்குப்பா? நாய்தான் தொரத்தும்" என்றார் மெக்கானிக். அவர் மாற்றியது டயர், பிரேக் பேட், பிரேக் ஆயில் மட்டும்.

பெடலில் கால் வைக்குமுன் செருப்பைக் கழற்றுவது அவர் பழக்கம். என்னையும் கழற்றச் சொன்னார். பூஜை போட்டு டயரில் நசுக்க நான் வாங்கி வந்த எலுமிச்சம்பழத்தை, கரும்புக் கொல்லை ஓரம் ஆளில்லாத ரோட்டில் வைத்தார்.

"எழுபதுல வா. அந்த வேப்பமரத்தாண்ட பிரேக் புடி. பழம் நசுங்குனா பாக்கி கூலி நாலாயிரம் எனக்கு வேணாம்."

"எங்க மாமாவுக்குக் கால் நடுங்கும்ணா" என்று சிரித்தான் மச்சான்.

"நடுங்குற கால்தான்பா சீக்கிரம் பிரேக்குக்குப் போவும்."

எழுபதில் வந்து வேப்பமரத்தருகே பிரேக்கை மிதித்தேன். கார் ஆடாமல் நேராக நின்றது. இறங்கிப் பார்த்தால், பழத்துக்கும் டயருக்கும் நடுவே ஒரு சாண்.

என் காலை நானே நம்பாதபோது, அதை நம்பித் தன் கூலியை ஏன் பந்தயம் வைத்தார் என்பது இன்றும் எனக்குப் புரியவில்லை. அன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு ஓட்டிப் போனேன். அவருக்கு நான் தர வேண்டியிருந்தது முழுசாக நாலாயிரம் ரூபாய்.