அண்ணன் கண்ணில் வந்துபோன மஞ்சள்

என் அண்ணன் இன்றைக்கும் பேக்கரிக்காரன்தான். எந்தத் தெருவில் ரொட்டி வேகும் வாசனை வந்தாலும் எனக்கு அவனுடைய பதினாறு வயதுதான் ஞாபகம் வரும். ஆள் ஒல்லி, வாய் மட்டும் நீளம். பள்ளிக்கூடம் விட்டதும் பேக்கரிக்கு வேலைக்கு ஓடுவான். மாவு உப்பி வருவதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்பான், பைத்தியக்காரன்.

ஒரே தொல்லை, கண். நன்றாகத்தான் இருப்பான், திடீரென்று ஒருநாள் கண் மஞ்சளாகிவிடும். சில நாளில் தானாக வெளுக்கும், பிறகு மறுபடி வரும். காமாலைதான் என்று அம்மா முடிவுகட்டிவிட்டாள். அம்மா முடிவுகட்டினால் அதற்கு அப்பீல் கிடையாது. உடனே பத்தியம்: எண்ணெய் கூடாது, அரை வயிற்றுக்கு மேல் கூடாது. எங்களுக்கு ஒட்டிவிடுமென்று அவனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனி மூலை. அந்த மூலையிலிருந்தே மஞ்சள் கண்ணை உருட்டி என்னைப் பயமுறுத்துவான். இப்போது நினைத்தாலும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வருகிறது.

பேக்கரி முதலாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "திங்கிற பண்டம் செய்யற எடம்ப்பா. இன்னொரு வாட்டி இந்தக் கண்ணோட வந்தே, வேற ஆளப் பாத்துக்குவேன்" என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்குக் கதிகலங்கிவிட்டது. மறுபடி வராமல் தடுப்பதாக நினைத்து, நன்றாக இருந்தவனுக்கே பத்தியத்தை ஆரம்பித்தாள். இரண்டாம் நாளே கண் மஞ்சள். வேலை போயிற்று.

அதன் பிறகுதான் பெரிய டாக்டரிடம் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "ஈரல் நல்லாருக்கும்மா. இது பிறவியிலேயே உள்ள உடம்பு வாகு, யாருக்கும் ஒட்டாது. பட்டினி கெடந்தாலோ காய்ச்சல் வந்தாலோ கண்ணு மஞ்சளாகும். வேளாவேளைக்குச் சாப்பாடு போடுங்க, போதும்."

அம்மா நேரே பேக்கரிக்கு நடந்தாள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

"பட்டினி போட்டது நாந்தாங்க. அவன் மேல தப்பில்ல. இது ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

முதலாளி தலையைச் சொறிந்தார். "அவரு சொல்லுவாரும்மா. கடைக்கு வர்றவங்க இவன் கண்ணத்தான பாப்பாங்க?"

அம்மா ஒரு பன்னை வாங்கி அண்ணன் கையில் கொடுத்தாள். "சாப்பிடுடா."

அவன் ஒரு வாய் கடித்தான். மீதியைப் பிடுங்கி, அவன் கடித்த இடத்திலேயே கடித்து, கடையில் இருந்தவர்கள் எல்லோரும் பார்க்க அம்மா மென்று தின்றாள்.

அண்ணன் தேம்பித் தேம்பி அழுதான்.

"சரி சரி, அழாதடா. கண்ணு வெளுத்ததும் வந்து சேரு" என்றார் முதலாளி. வேலைக்காகத்தான் அழுகிறான் என்று நினைத்துக்கொண்டார், பாவம்.