விழுவதற்கு ஒரு மெத்தை

மாத்தளை நகரில் எனக்கு மெத்தைக் கடை. தலையணை, குஷன், த்ரீவீல் சீட், கலியாண வீட்டுக்கு இலவம் பஞ்சு மெத்தை என்று இருபது வருடமாகத் தைத்துக் கொடுக்கிறேன். ஒரு சனிக்கிழமை காலை இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். ஒருவர் கண்டியில் வேலை செய்யும் சிங்கள சர்வேயர். வாசலில் குனிந்துதான் உள்ளே வர முடிந்தது, அவ்வளவு உயரம். மற்றவர் பலாபத்வலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு சொல்லிக்கொடுக்கும் டீச்சர். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெண். சர்வேயரின் தோளுக்கு எட்டமாட்டார்.

“நானா, நாலுக்கு ஆறு சைஸ்ல ஒரு மெத்த வேணும். ஒரு அடி மொத்தமா இருக்கணும்,” என்றார் டீச்சர். முஸ்லிம் கடைக்காரரை இங்கே நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள்.

“ஒரு அடியா? யாரு படுக்க?”

“படுக்க இல்லீங்க. விழுறதுக்கு.”

அளவு டேப்பைக் கையில் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். சர்வேயர் சிரித்துக்கொண்டே போனில் ஒரு படம் காட்டினார். முன்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும் ஒரு பெரிய கல். அதன் அடிவயிற்றில் அவர் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தார். கயிறு கிடையாது. கீழே வைக்கோல் அடைத்த சாக்கு இரண்டு.

அந்தக் கல்லின் கதையை டீச்சர் கடை ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார். அலுவிகாரைக்கு மேலே மேட்டில் ஒரு மிளகுத் தோட்டம். அதற்குள் இருக்கிறது கல். இரண்டு ஆள் உயரம்தான். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் தோட்டத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஒரு வாரம் முழுக்க அதில் ஏறிப் பார்த்திருக்கிறார். முடியவில்லை. ஊருக்குத் திரும்பியதும் கல்லின் படத்தைப் போட்டு, ஏறக்கூடியதுதான், ஆனால் என்னால் இல்லை என்று இணையத்தில் எழுதிவிட்டார். அது போதும். கொழும்பிலிருந்து வந்தார்கள், இந்தியாவிலிருந்து வந்தார்கள், எங்கேயோ குளிர் தேசத்திலிருந்தெல்லாம் வந்தார்கள். பிடி வழுக்காமலிருக்கக் கையில் வெள்ளைத் தூளைப் பூசிக்கொண்டு ஏறினார்கள். எல்லோரும் ஒரே இடத்தில் விழுந்தார்கள். ஏழாவது பிடி. விரல் நுனி மட்டும் தொற்றும் ஒரு சின்ன விளிம்பிலிருந்து உருண்டையான மேல் ஓரத்துக்குத் தாவிப் பிடிக்க வேண்டும். அந்தத் தாவலில் கால் கழன்றுவிடும். சர்வேயர் மூன்று வருடமாக அந்த இடத்தில் விழுந்துகொண்டிருந்தார். டீச்சர் ஒன்றரை வருடமாக.

“மேல போக வேற வழியே இல்லையா?” என்று கேட்டேன்.

“பின்பக்கத்தால நடந்து போகலாம் நானா. தோட்டத்துக்காரங்க மேலதான் மிளகு காயப் போடுறாங்க.”

“அப்ப எதுக்கு முன்பக்கத்தால ஏறணும்?”

“அத எங்க வீட்டுலயும் கேக்குறாங்க,” என்றார் டீச்சர்.

நல்ல இலவம் பஞ்சாக அடைத்து, தடித்த கன்வஸ் துணியில் மெத்தை தைத்துக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து சர்வேயர் நொண்டிக்கொண்டு வந்தார். பஞ்சு நாலாவது விழுகையிலேயே ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டதாம். குதிகால் நேராகத் தரையில் இடித்திருக்கிறது. அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. இதைச் சரிசெய்யலாமா என்று சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார், அவ்வளவுதான். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அன்று பகல் முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். தையல் மிஷினில் இருந்த என் மனைவி சொன்னாள்: “கடையில குந்திக்கிட்டு யோசிச்சா வெளங்குமா? போய்ப் பார்ப்போம், எப்படித்தான் விழுறாங்கன்னு.”

ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம். கல் யானையின் முதுகைவிட உயரமாக, முன்னால் சரிந்து, மிளகுக் கொடிகளுக்கு நடுவே நின்றது. டீச்சர் அதன் அடியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் பிடித்து, உடம்பைத் தரையிலிருந்து எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று கைகள் மாறின. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. ஏழாவதில் தாவினார், கால் கழன்றது, முதுகு என் மெத்தையில் பொத்தென்று விழுந்தது. நானும் மனைவியும் பதறி முன்னால் ஓடினோம். அவரோ எழுந்து உட்கார்ந்து கையை ஊதிக்கொண்டு சிரித்தார்.

இத்தனை வருடம் மெத்தை விற்றும், நான் தைத்த மெத்தையை ஒருவர் பயன்படுத்துவதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

அடுத்துத் தைத்த இரண்டு மெத்தையிலும் பஞ்சே இல்லை. இறுக்கமான ஸ்பொஞ்சு மேலே, மெதுவானது கீழே. விழும் பாரத்தை மேல் தட்டு பரப்பிவிட வேண்டும், அடித்தட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டையும் அருகருகே போட்டால் இடைவெளியில் கால் மாட்டும் என்று சொல்லி, மேலே ஒரு மூடுதுணி வைத்தாள் மனைவி. வாடிக்கையாளரிடம் கொடுக்குமுன் நானே சோதித்தேன். கடையின் பின்கட்டில் ஏணி வைத்து ஏறி, தொண்ணூறு கிலோ உடம்போடு குதித்தேன். பக்கத்துக் கடைக்காரர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். நான் மெத்தையில் மல்லாந்து கிடந்து சிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு இடத்திலும் வலிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்களும் போக ஆரம்பித்தோம். மெத்தையை இழுத்துச் சரியான இடத்தில் போடுவது என் வேலை. இரண்டு பேரும் விழுந்தார்கள். மழைக்காலம் வந்தது, கல் ஈரமானது, காய்ந்தது, மறுபடியும் விழுந்தார்கள்.

ஒருநாள் விழுந்த டீச்சர் எழும்பவில்லை. அடிபட்டுவிட்டதோ என்று பயந்து ஓடினேன். அவர் கண்ணைத் திறந்து கல்லின் அடியைப் பார்த்தபடி கிடந்தார்.

“நானா, அந்தா ஒரு மடிப்பு தெரியுதா? ஆறாவது பிடிக்குக் கீழ, ஒதடு மாதிரி.”

தெரிந்தது. உள்ளங்கை அகலத்துக்கு, தலைகீழாகத் தொங்கும் ஒரு விளிம்பு. கையால் பிடிக்க எதற்கும் உதவாத இடம் என்று எல்லோரும் விட்டது. பாதத்தைக் கீழே புடைத்திருந்த ஒரு முண்டில் ஊன்றி, முழங்காலை அந்த விளிம்புக்கு அடியில் முட்டுக் கொடுத்தால் உடம்பு கழலாது என்று டீச்சருக்கு அப்போதுதான் தோன்றியிருக்கிறது. சர்வேயர் உடனே முயன்றார். அவருடைய கால் நீளம். முண்டில் பாதம் வைத்தால் முழங்கால் விளிம்பைத் தாண்டி வெளியே நின்றது. டீச்சர் வைத்துப் பார்த்தார். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. ஆனால் தோல் உரிந்து ரத்தம் வந்தது.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர் கடைக்கு வந்தார். பழைய டயர் டியூபிலிருந்து ஒரு துண்டு வெட்டி, இழுபடும் துணியில் வைத்து, முழங்காலுக்கு ஒரு உறை தைத்தாள் என் மனைவி. மூன்று தடவை பிரித்துத் தைத்த பிறகுதான் அது வழுக்காமல் நின்றது.

அடுத்த போயா, பௌர்ணமி விடுமுறை நாள். தோட்டத்துக்காரர் வீட்டார் எல்லோரும் வந்து கொடிகளுக்கு இடையில் நின்றார்கள். டீச்சரின் அம்மாவும் வந்திருந்தார், மகள் என்னதான் செய்கிறாள் என்று முதல் தடவையாகப் பார்க்க. சர்வேயர் பிடிகளை ஒவ்வொன்றாகப் பிரஷ் போட்டுத் துடைத்துக் கொடுத்தார். மூன்று வருடத்துக்கும் மேலாகத் தான் ஏற நினைத்த கல்லை இன்னொருவருக்காகத் துடைத்த அந்தக் கையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் தடவை விழுந்தார். இரண்டாவது தடவையும். மூன்றாவது தடவை ஆறாவது பிடிக்குப் போனதும் முழங்காலை உள்ளே முட்டினார். இடுப்பு அசையாமல் நின்றது. ஒரு கையை விட்டு உதறி, மறு கையை விட்டு உதறி, அந்தரத்தில் இளைப்பாறினார். யாரும் அந்த இடத்தில் இளைப்பாறியது கிடையாது. பிறகு தாவினார். விரல்கள் உருண்டை ஓரத்தில் பட்டு, வழுக்கி, ஒட்டிக்கொண்டன. நான் இரண்டு கையையும் தூக்கியபடி நின்றேன், விழுந்தால் தாங்குவதற்கு. அவர் விழவில்லை. குதிகாலை மேலே போட்டு, வயிற்றால் தவழ்ந்து, கண்ணிலிருந்து மறைந்தார்.

மேலிருந்து டீச்சரின் தலை எட்டிப் பார்த்தது. பிறகு தோட்டத்துக்காரர் சிங்களத்தில் கூவினார், படங்கு விரிப்பை மிதிக்க வேண்டாம், மிளகு காய்கிறது என்று. எல்லோரும் சிரித்துவிட்டோம். டீச்சரின் அம்மா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. “இம்புட்டுதானா? இதுக்கா ரெண்டு வருசம்?” என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் அவருடைய கண் நிறைந்தது.

சர்வேயர் பின்பக்கமாக ஓடி ஏறி டீச்சரைத் தூக்கிச் சுற்றினார். இருவர் சட்டையிலும் மிளகு ஒட்டியிருந்தது.

செய்தி பரவியதும் ஏறுபவர்களின் போன் குழுவில் சண்டை கிளம்பியது. டியூப் உறை போட்டது சரியா, அது கணக்கில் சேருமா என்று தூர தேசத்து ஆட்கள் எல்லாம் எழுதினார்கள். டீச்சர் பதில் எழுதவில்லை. இரண்டு வாரம் கழித்து முழங்காலில் வெறும் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு மறுபடியும் ஏறினார். அந்த வீடியோவை நான்தான் எடுத்தேன். போனை மறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்ததில் பாதி நேரம் வானம்தான் தெரிகிறது. சண்டை ஓய்ந்தது. முட்டுக் கொடுக்காமல் ஏற ஒரு வழி இருக்கிறது என்று சர்வேயர் இன்னும் அடித்துச் சொல்கிறார். போன மாதம் அவருடைய விரல்கள் மேல் ஓரத்தில் ஒரு விநாடி நின்றதை நானும் பார்த்தேன்.

அதே கல்லின் இடப்பக்கம், படி படியாக உடைந்த ஒரு சாய்வு இருக்கிறது. இந்த வருடம் நோன்புப் பெருநாள் முடிந்த ஞாயிறு, பேசிக்கொண்டிருந்த என் மனைவி செருப்பைக் கழற்றினாள். முக்காட்டை இறுக்கிக் கட்டி, சல்வாரைக் கணுக்காலில் சுருட்டினாள். டீச்சர் கீழே நின்று எந்தக் காலை எங்கே வைப்பது என்று சொன்னார். அவள் பாதி கேட்டாள், பாதி கேட்கவில்லை. நடுவில் ஒரு தடவை நின்று என்னைப் பார்த்தாள்.

“பயமா இருந்தா எறங்கு,” என்றேன்.

“பயமா இருக்குத்தான். நீங்க பேசாம இருங்க.”

மேலே போய்ச் சேர்ந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் இறங்கவில்லை. அங்கிருந்து பார்த்தால் கீழே ஏ-ஒன்பது நெடுஞ்சாலையில் போகும் பஸ் எல்லாம் தீப்பெட்டி மாதிரி தெரிகிறதாம்.