கால்களைப் பார்த்தவர்

தொண்ணூறுகளில், எங்கள் பல்கலைக்கழக மல்யுத்த அணியின் வரலாற்றை ஆண்டு மலருக்காக எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் கேப்டன் இறுதிப்போட்டியில் தோற்ற வருடத்துக்கு வந்திருந்தேன். கிழக்கேகோட்டை ஓட்டல் ஒன்றில் வேலை பார்த்த ஒருவர் என்னைத் தேடி வந்தார். காது நசுங்கிப்போயிருந்தது. பேசும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, கால்களையே பார்த்தார். ஆள் சரியில்லை என்று நினைத்தேன்.

“அந்த ஃபைனல்ல உங்க கேப்டன் வேணும்னே தோத்தாரு. அதையும் எழுதணும், கேட்டோ சாரே.”

பொறாமைக்காரர் என்று பட்டது. “யார் சொன்னது?”

“யாரு சொல்லணும்? பிடிச்சப்பம் அவரு காலை ஊனவே இல்ல. அன்னைக்கு ஜெயிச்சது நானாக்கும்.”

நான் அதை எழுதவில்லை. ஆனால் விளையாட்டு அரங்கில் மாட்டியிருக்கும் அணிப் படத்தைக் கடக்கும்போதெல்லாம், கேப்டனின் முகத்தை விட்டுவிட்டுக் கால்களைத்தான் பார்க்கிறேன்.