இஞ்சினுக்கு ஒரு புத்தகம்

1986 மார்ச் 15, சனிக்கிழமை. காலையில் ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். அரிசி தீர்ந்திருந்ததால் ஹட்டன் கடைத்தெருவுக்குப் போய் வந்தேன். பிற்பகலில் மகள் சாந்தி கண்டியிலிருந்து வந்து இரண்டு புத்தகங்களை மேசையில் வைத்தாள். அவள் கம்ப்யூட்டர் வகுப்பில் பேசிக் என்றொரு மொழி படிக்கிறாள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திங்களன்று கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம்.

"எதப்பா வச்சுக்கிறது?"

அந்த மொழியில் எனக்கு ஓரெழுத்தும் தெரியாது. கேட்டுவிட்டாளே என்று இரண்டையும் முகர்ந்து பார்த்தேன். புது மை வாசனை. டீசல் வாசனை இல்லாத புத்தகத்தை எப்படி நம்புவது? சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

1962இல் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தேயிலைத் தொழிற்சாலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. அரைக்கும் யந்திரங்களைச் சுழற்றும் டீசல் இஞ்சினை ஓட்டுபவர், தன் மகள் கல்யாணத்துக்காக இந்தியா போகும்போது, அதை ஓட்டவும் நிறுத்தவும் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். தானாக நின்றால் என்ன செய்வதென்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒருநாள் விடிகாலையில் அது தானாக நின்றது. மேல்மாடியில் முந்தின நாள் கொழுந்து முழுவதும் வாடி, அரைக்கத் தயாராகக் கிடந்தது.

ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "கடைசியா கை வச்சது நீதானே? பொழுது சாயறதுக்குள்ள ஓடலேன்னா கொழுந்து குப்பைக்கு, நீ லயத்துக்கு."

லயம் என்றால் கூலிக்காரர் குடியிருப்பு; ஸ்டோர் வேலை போய்விடும் என்று அர்த்தம். கொழும்பு மெக்கானிக் வர இரண்டு நாளாகும். இஞ்சினோடு வந்த புத்தகத்தைக் கறையான் தின்றுவிட்டது. வேறொன்று வாங்கி வரும்படி ஐயா என்னை ஹட்டனுக்கு பஸ் ஏற்றினார்.

அங்கே சைக்கிள் சாமானும் பழைய புத்தகமும் சேர்த்து விற்ற ஒரு நானாவின் கடை இருந்தது; முஸ்லிம் கடைக்காரரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். பளபளப்பான படங்களோடு ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து வைத்தார். நான் மயங்கிப்போய் அதைத் தாளில் சுற்றவே சொல்லிவிட்டேன். அவர் நூல் கட்டும்போதுதான் எங்கள் இஞ்சின் அறை வாசனை மூக்கில் ஏறியது. பக்கத்தில் அட்டையில்லாமல் ஒன்று கிடந்தது.

"அது வாணாம் தம்பி. இஞ்சின்காரர் ஒருத்தர் வித்துட்டுப் போனது. கை தொடைக்கிற துணியும் அவருக்கு அதுதான் போல."

மூடியபடியே அதன் விளிம்பைப் பார்த்தேன். முன்பாதி வெள்ளை, பின்பக்கம் ஓரிடம் மட்டும் கறுப்பு. அங்கே திறந்தால், ஓடும் இஞ்சின் நின்றுபோனால் முதலில் எதைப் பார்ப்பது, அடுத்து எதைப் பார்ப்பது என்று வரிசையாக எழுதியிருந்தது. என் அரைகுறை ஆங்கிலத்துக்கே விளங்கியது. தடித்ததைப் பிரிக்கச் சொல்லி அதிலும் தேடினேன். இஞ்சினைக் கண்டுபிடித்தவரின் வாழ்க்கை வரலாறு இருந்தது, நின்றுபோன இஞ்சின் இல்லை. கட்டியதை அவிழ்க்க வைத்துவிட்டேன் என்று நானா முணுமுணுத்துக்கொண்டே அதே தாளில் அழுக்குப் புத்தகத்தைச் சுற்றினார்.

ஸ்டோருக்குத் திரும்பி அந்த வரிசைப்படி பார்த்தால், கோளாறு டீசல் எண்ணெய்க் குழாயில் புகுந்த காற்று. புத்தகம் சொன்ன திருகைத் தளர்த்தியதும் நுரை நுரையாக வந்தது, பிறகு தெளிந்த எண்ணெய். திருகை இறுக்கிக் கைப்பிடியைச் சுற்றினோம். இரண்டு தரம் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. டீமேக்கர் ஐயா அதிரும் சுவரில் கைவைத்துப் பார்த்தார்.

"போய்ச் சாப்புடு. மூஞ்சியக் கழுவிட்டுப் போ."

வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அன்று தின்ற ரொட்டியின் ருசி பிறகு எந்த ரொட்டியிலும் இல்லை.

இதையெல்லாம் சொல்லி, விளிம்பைப் பார் என்றேன் சாந்தியிடம்.

"புதுப் புத்தகத்துல அழுக்குக்கு எங்கப்பா போறது?"

நியாயம்தான். "சரி, ஒனக்கு இப்ப எது ஓடல?" என்றேன். திங்களன்று காட்ட வேண்டிய பாடம் ஒன்று பாதியில் நின்றிருந்தது. அது ஏன் நின்றது என்று இரண்டிலும் தேடினாள். ஒன்றில் கடைசிப் பக்கங்களில் கிடைத்தது. அவள் விட்ட மூச்சு எனக்குப் பழக்கமான மூச்சு.

அந்த ஸ்டோரில் இப்போது மின்சார மோட்டார். இஞ்சினைப் பழைய இரும்புக்கு ஏற்றிய லொறியிலேயே புத்தகமும் போய்விட்டது. நானாவின் கடையிருந்த இடத்தில் கேசட் விற்கிறார்கள்.

சாந்தி தேர்ந்த புத்தகத்துக்கு இரவே பழுப்புத் தாளில் அட்டை போட்டு வைத்தேன். மறுநாள் எழுந்து பார்த்தால் அது கடைசிப் பக்கங்களில் விரிந்து கிடந்தது, ஓரத்தில் தேநீர்க் கறை. முதல் வேலையாகத் துணியை நனைத்து வந்தேன். பிறகு மேசையை மட்டும் துடைத்தேன்.