பரமேஸ்வரி அக்கா மூடிய கிணறு

கடந்த நவம்பரில் ஒரு சனிக்கிழமை நெடுங்கேணிக்குப் போனேன். ஊர் பார்க்க அல்ல, ஒரு கிணற்றிலிருந்து இரண்டு போத்தல் தண்ணீர் எடுக்க. கம்பசில் என்னோடு படித்த மலர்விழி அங்கே இரசாயனவியல் ஆசிரியை. கிணற்றடிக்குத் தனியாகப் போகத் தயங்கி என்னைக் கூப்பிட்டிருந்தாள்.

அவள் ஊரில் சில வருடங்களுக்கு முன் வாகன ரயர் அடுக்கிய ஒரு களஞ்சியம் தீப்பற்றியது. தீயணைப்பு நுரை அடித்து அணைத்தார்கள். சில நுரைகளில் 'நிரந்தர இரசாயனங்கள்' இருக்கும். ஒட்டாச் சட்டியிலும் மழைக்கோட்டிலும் பூசுகிற அதே குடும்பம்தான். மண்ணில் இறங்கினால் இலேசில் அழியாது. களஞ்சியம் இருந்த இடத்திலிருந்து அறுபது மீற்றரில் பதினொரு வீடுகள் குடிக்கிற கிணறு.

வவுனியாவில் காலை 6.15 பஸ். நாற்பது கிலோமீற்றர் அளவு, 180 ரூபா. புளியங்குளத்தில் மழை பிடித்தது. 7.50க்கு இறங்கி ஓட்டோ ஏறினேன்.

“தண்ணி எடுக்கவோ வவுனியாவிலயிருந்து வாறியள்? அங்க தண்ணி இல்லையோ?” என்றார் ஓட்டோக்காரர். சிரித்துச் சமாளித்தேன்.

கிணற்றடியில் மலர்விழி நனைந்தபடி நின்றாள். என்னைக் கண்டதும் கத்தினாள்.

“அடியே, உந்தக் கோட்டைக் கழட்டிப்போட்டு வா!”

“மழை பெய்யுதடி!”

“அதில இருக்கிற பூச்சு போத்தலுக்குள்ள போனால் சோதனை பிழைச்சுப்போம். முகத்துக்குக் கிறீம் பூசினியோ?”

“பூசினனான்.”

“சில கிறீமிலயும் அது இருக்கும். தள்ளி நில்.”

கிணறு பரமேஸ்வரி அக்காவுடையது. மலையகத்துத் தோட்டமொன்றிலிருந்து சிறுவயதில் பெற்றோருடன் வந்தவர், இப்போது வயல் செய்கிறார். கணவரோடு சேர்ந்து வெட்டிய கிணறு. வாளியை இறக்கப்போன மலர்விழியின் கையைப் பிடித்தார்.

“கண்ணாடி மாதிரித் தண்ணி, பிள்ளை. கூடாதெண்டு வந்தால் மூடோணும், என்ன?”

“ஓம் அக்கா. குடிக்க ஏலாது.”

அக்கா கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு கையை விட்டார்.

“அப்ப எடுங்கோ. தெரியாமல் சனத்துக்குக் குடுக்க எனக்கு மனம் வராது.”

ஏழு வாரம் கழித்து, ஆய்வுகூட முடிவு வந்ததும் மலர்விழி தொலைபேசியில் அழைத்தாள். அந்த இரசாயனங்களின் அளவு பாதுகாப்பான எல்லையைத் தாண்டியிருந்தது. ஊருக்குக் கெட்ட பெயர் என்று சிலர் அவளை ஏசினார்கள். ஆனால் அன்று மாலையே அக்கா கயிற்றையும் வாளியையும் கழற்றி, கிணற்றுக் கட்டில் சிவப்புப் பூச்சால் ‘குடிக்க வேண்டாம்’ என்று எழுதிவிட்டார். பதினொரு வீட்டுக்கும் தானே நடந்து போய்ச் சொன்னார். சொந்தக் கிணற்றை மூடியவர் சொல்லும்போது யார் மறுப்பது? எல்லோரும் சேர்ந்து பிரதேச சபையில் கேட்டு ஒரு தண்ணீர்த் தாங்கி வைத்தார்கள். மேட்டுப் பக்கம் புதுக் கிணறு வெட்டி, சோதித்த பிறகே குடித்தார்கள்.

மே மாதம் மறுபடி போனேன். என் சிநேகிதியையும் அந்த அக்காவையும் நினைக்க நெஞ்சு நிமிர்ந்தது.

போக நினைப்பவர்களுக்கு: தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும், இந்த இரசாயனம் போகாது. இந்த வகைக்கென்று சோதிக்கப்பட்ட கரி வடிகட்டி உதவும், காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டும். கீறல் விழுந்த ஒட்டாச் சட்டியை விட்டு இரும்புச் சட்டிக்கு மாறுங்கள். நவம்பரில் பாதை சேறு, மே நல்லது. நெடுங்கேணிச் சந்தியில் பரமேஸ்வரி அக்கா வீடு என்றால் ஓட்டோக்காரர் எவரும் கொண்டுபோய் விடுவார். வெயிலில் வந்தவர்களுக்கு அவர் முதலில் ஒரு செம்பு தண்ணீர் தருவார். நீங்கள் வாயில் வைக்குமுன், அது எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்றும் சொல்லுவார்.