நிற்பதற்கு ஒரு மாத்திரை

"இது மனசு சரியில்லாதவங்களுக்குக் குடுக்கற மாத்திரைங்களே. எந்திரிச்சா படபடங்குதுன்னா இதைப் போயி எழுதுவாங்களா? டாக்டரு மாத்தி எழுதிப்புட்டாரோ என்னமோ!"

மருந்துக் கடைக்காரர் சீட்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இதைச் சொன்னபோது கடை வாசலில் நாலு பேர் நின்றிருந்தார்கள். அதில் ஒருத்தி என் அம்மா. அவர் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

"சரியாத்தான் எழுதியிருக்காருங்க. குடுங்க" என்றேன்.

நான் ராசிபுரம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். முதல் பட்டதாரிச் சான்றிதழை வாங்க தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவளும் நான்தான். கரும்பலகை முன்னால் நிற்கும் உரிமையை எனக்கு யாரும் சும்மா தரவில்லை. ஆனால் போன வருடம் ஒரு காய்ச்சல் வந்து போனதிலிருந்து என்னால் நிற்கத்தான் முடியவில்லை. எழுந்தால் இருதயம் ஓட்டப் பந்தயத்தில் ஓடும். கண் இருட்டும். கை நடுங்கி எழுத்து கோணலாகும். எங்கள் பள்ளி வகுப்பறைகளில் ஆசிரியருக்கு நாற்காலி கிடையாது. ஆசிரியர் உட்கார்ந்தால் பாடமும் உட்கார்ந்துவிடுமாம்.

இசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், தலையை ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். "பயம்தாம்மா. கல்யாணம் ஆனா சரியாயிரும்" என்று ஒரு டாக்டர் சொன்னார். அதற்கும் பீஸ் வாங்கிக்கொண்டார். கடைசியில் சேலத்தில் ஒருவர்தான் என்னைப் பத்து நிமிடம் படுக்க வைத்து நாடி பார்த்தார். பிறகு பத்து நிமிடம் நிற்க வைத்துப் பார்த்தார். படுக்கையில் எழுபத்தி நான்கு, நின்றபோது நூற்று இருபத்தி ஒன்பது. இவ்வளவுதான் பரிசோதனை. இதற்கு ஒன்பது மாதம் அலைந்திருக்கிறேன்.

"நின்னா ரத்தம் காலுக்கு இறங்கும். அதை மேல அனுப்பற நரம்பு உங்களுக்குச் சரியா வேலை செய்யலை. இருதயம் பதறி ஓடுது" என்றார். உப்பும் தண்ணீரும் கூடுதலாகச் சேர்க்கச் சொன்னார், காலை இறுக்கிப் பிடிக்கும் காலுறை போடச் சொன்னார். அதோடு இந்த மாத்திரை. "மன அழுத்தத்துக்குக் குடுக்கறதுதான். உங்களுக்கு அதுக்காக இல்லை. ரத்தக் குழாய்க்குப் போற நரம்புலயும் இது வேலை செய்யும். சில பேருக்குக் கேக்கும், சில பேருக்குக் கேக்காது. ஆறு வாரம் பாக்கலாம். நீங்களா நிறுத்திராதீங்க."

முதல் இரண்டு வாரம் குமட்டல், ஓயாத கொட்டாவி, முன்னைவிட மோசமான படபடப்பு. ஐந்தாவது வாரம் ஒரு காலைக் கூட்டம் முழுவதும் சுவரைப் பிடிக்காமல் நின்றேன். அடுத்த வாரம் அரை பாடவேளை. குணமாகவில்லை, ஆனால் கேட்டது. மாத்திரை கேட்டது, மனிதர்கள்தான் கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டில் நான் உப்பு அள்ளிப் போடுவதைப் பார்த்து ஆசிரியர் அறையில் ஒருத்தி, "மிஸ்ஸுக்கு ரோசம் பத்தலையாட்டம் இருக்குது" என்றாள். சிரித்து வைத்தேன்.

ஏழாவது வாரம் மாத்திரை அட்டையைக் காணோம். அம்மா எல்லா மாத்திரைகளையும் உரித்துத் தன் கால்சியம் டப்பாவில் கொட்டியிருந்தாள். அட்டையை அடுப்பில் போட்டுவிட்டாள். டப்பாவுக்குள் எல்லாம் வெள்ளை, எல்லாம் வட்டம். எது என்னுடையது என்று பிரிக்க முடியவில்லை.

"ஏம்மா இப்படிப் பண்ணுன?"

"ஊட்டுக்கு வாரவிய அட்டையில பேரப் பாத்துப்புட்டா? பொண்ணு பாக்க வாரேன்னு சொன்னவிய காதுக்குப் போனா? பேரைத்தான் சாமி எரிச்சேன். மாத்திரைய எரிக்கலியே!"

அந்தப் பெயரை அவளுக்கு வாசிக்கத் தெரியாது. வருகிறவர்களில் பாதிப் பேருக்கும் தெரியாது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. அந்த மருந்து எங்கள் ஊர்க் கடையில் தீர்ந்துபோய், மறுபடி வர மூன்று நாள் ஆனது. மாத்திரை திடீரென்று நின்றுபோனதில் அந்த மூன்று நாளும் தலையைத் திருப்பினால் மண்டைக்குள் கரண்ட் அடித்தது. மூன்றாம் நாள் வகுப்பிலேயே, வடிவொத்த முக்கோணங்களுக்கு நடுவில், விழுந்தேன்.

பிரின்சிபால் கூப்பிட்டார். மறைக்கப் பிடிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"மாத்திரை கேக்குதுங்கறீங்க. அது மனசுக்குக் குடுக்கற மாத்திரைங்கறீங்க. அப்பச் சீக்கு மனசுலதானுங்க மிஸ் இருக்குது?"

இவரும் கணக்கு வாத்தியாராக இருந்தவர். இதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு கூற்று உண்மையென்றால் அதன் மறுதலையும் உண்மையாகிவிடாது என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாங்கள் இருவருமே நடத்தியிருக்கிறோம். மனச்சோர்வுக்கு இந்த மாத்திரை கொடுப்பார்கள். அதற்காக இந்த மாத்திரை சாப்பிடுகிற எல்லோருக்கும் மனச்சோர்வா? "மறுதலை சார்" என்றேன். அவருக்குப் புரிந்தது, பிடிக்கவில்லை.

"மனசு இப்பத் தேவலைன்னு மனநல டாக்டர்கிட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. முடியாதுன்னா அடுத்த மாசத்துல இருந்து ஆபீசுல பில்லு போடுங்க. அங்க சேர் இருக்குதுங்க."

மனச்சோர்வு இருந்திருந்தால் அதற்கும் இதே மாத்திரையைத் தலை நிமிர்ந்து சாப்பிட்டிருப்பேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இல்லாததை ஒத்துக்கொள், இல்லையென்றால் வகுப்பை விடு என்றால் எப்படி? ஆபீசில் இருக்கிற நாற்காலி வகுப்புக்குள் வந்தால் என்ன குறைந்துவிடும்?

அன்று மாலையே சேலம் போய் டாக்டரிடம் கடிதம் வாங்கினேன். வெள்ளிக்கிழமை அதோடு என் விண்ணப்பத்தையும் வைத்துக் கொடுத்தேன். நோயின் பெயர், மாத்திரையின் பெயர், அது எதற்கு என்பது, வகுப்பில் ஒரு நாற்காலி வேண்டும் என்பது, எல்லாம் என் கையெழுத்தில். நகலில் பள்ளி முத்திரை விழும்வரை மேசையை விட்டு நகரவில்லை.

பதில் வரவில்லை. திங்கட்கிழமை வீட்டிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியோடு டவுன் பஸ் ஏறினேன்.

"ஏனுங் டீச்சர், பஸ்சுலதான் சீட்டு காலியா கெடக்குதே?" என்றார் கண்டக்டர்.

"பஸ்சுல இருக்குதுங்க. பள்ளிக்கூடத்துல இல்லீங்க."

பத்தாம் வகுப்பில் பலகைக்கு வலப்பக்கம் அதைப் போட்டு, உட்கார்ந்து, வருகைப் பதிவேட்டைத் திறந்தேன்.